வெல்லம் அடுத்த ஸ்பிரிண்டில்

தை முதல் தேதி என்றைக்கு வரும் என்பது போன வருஷக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றும்போதே தெரிந்துவிடும். ஒன்று ஜனவரி 14, இல்லாவிட்டால் 15. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒரு நாளுக்குக் கடைசிவரை தயாராகாமல் இருப்பதென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள எங்கள் அடுக்ககத்து விழாக் குழுவிடம் அந்தத் திறமை கொட்டிக் கிடக்கிறது. சும்மா வந்ததல்ல, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு அஜைல் என்று பெயர்.

முன்பெல்லாம் இங்கே பொங்கல் விழா நடந்த விதத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், மார்கழி பிறந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். கரும்புக்கு இன்னார், மைக் செட்டுக்கு இன்னார், காவல் நிலையத்து மனுவுக்கு இன்னார் என்று பெயர் போட்டு, முடிந்ததும் எதிரே ஒரு டிக் அடிப்பார். விழா நடக்கும். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு லிப்டில் ஏறிப் போய்விடுவார்கள். ஒரு படிப்பினை உண்டா, ஒரு வளர்ச்சி உண்டா? அடுத்த வருஷமும் அதே நோட்டு, அதே டிக்.

இளைஞர்கள் பொறுப்பேற்றதும் முதல் கூட்டத்திலேயே அந்த நோட்டுக்கு விடை கொடுத்தார்கள். “அங்கிள், இது வாட்டர்ஃபால்” என்றார் ஒரு தம்பி. போஸ்ட்மாஸ்டர் குற்றாலத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினார். ஒரு படி முடிந்த பிறகே அடுத்த படி என்று அருவிபோல் இறங்கும் அந்த முறையை 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் படம் போட்டுக் காட்டி, அதே கட்டுரையில் இது ஆபத்து என்றும் எழுதிவைத்தார். அவர் எழுதியது பெரிய மென்பொருள் திட்டங்களைப் பற்றி. ஆனால் மென்பொருளுக்கு ஆகாதது சோறு வடிப்பதற்கு மட்டும் எப்படி ஆகும்? குழுவின் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அஜைலின் பிறப்பையும் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்நோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடி ஒரு பிரகடனம் எழுதினார்கள். திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்பது அதில் ஒரு வரி. திட்டத்துக்கும் மதிப்பு உண்டு, மற்றதற்கு அதைவிட அதிகம் என்று அவர்களே கீழே சேர்த்திருக்கிறார்கள். பிரகடனங்களில் கீழே சேர்ப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. எங்கள் குழு படிக்கவில்லை. எனக்கு மட்டும் ஓரத்தில் ஒரு சந்தேகம். அந்தப் பதினேழு பேருக்கும் எந்தத் தேதிக்கு எத்தனை அறை, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டுமே? அந்தப் பாவி யார்?

கிளப் ஹவுஸ் கண்ணாடிச் சுவர் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஜா நிறங்களில் ஒட்டுச் சீட்டுகள் வந்தன. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என மூன்று பத்திகள். எழுத்தெல்லாம் குடியிருப்பாளரின் இதயத்திலிருந்து வந்தது. ‘ஒரு குடியிருப்பாளராக, நான் பானை பொங்குவதைப் பார்க்க விரும்புகிறேன், அதனால் பொங்கலோ பொங்கல் என்று கூவ முடியும்’ என்று ஒரு சீட்டு. போஸ்ட்மாஸ்டர் நோட்டில் இந்த இடத்தில் ‘பானை – 2’ என்று மட்டும் இருந்தது. மனிதருக்கு எவ்வளவு வறண்ட மனசு பாருங்கள்.

பிறகு மதிப்பீடு. ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்பது அநாகரிகம். எத்தனை பாயின்ட் என்றுதான் கேட்க வேண்டும். ஆளுக்கொரு சீட்டுக்கட்டு. 1, 2, 3, 5, 8, 13 என்று எண் போட்ட சீட்டுகளை எல்லோரும் ஒரே நேரத்தில் நீட்டுவார்கள்; ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகும்வரை பேசுவார்கள். கோலம் 3, கரும்பு 5, உறியடி 8 என்று ஒரு ராத்திரியில் முடிவாயிற்று. அந்த நேரத்தில் ஒருவர் கோயம்பேட்டுக்குப் போய்க் கரும்பே வாங்கி வந்திருக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். அவளுக்குச் சான்றிதழ் கிடையாது.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு நீச்சல் குளத்து ஓரம் ஸ்டாண்ட்-அப். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வழிகாட்டி நூலில் உள்ள விதி. சுருக்கமாகப் பேசட்டும் என்றுதான் நிற்கவைக்கிறார்கள். எங்கள் குழுவினர் முக்கால் மணி நேரம் நின்றார்கள். கால் கடுக்க நின்று பொதுத்தொண்டு செய்யும் இளைஞர்களை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது? நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், என்ன தடை என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். மைக் செட்டுக்கான காவல் நிலைய அனுமதி ஒவ்வொரு இரவும் ‘தடை’யாகவே இருந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, மற்ற நேரத்திலும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் தடை நீங்கும் என்று யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் அணி அது; யாருக்கும் யாரும் உத்தரவு போட முடியாது. பக்குவம் என்றால் இதுதான்.

சமையல் மாஸ்டர்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சாமான் லிஸ்ட் எழுதத் தயாராக வந்து உட்கார்ந்தவர், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“எத்தனை இலை சார்?”

“நூற்றைம்பதிலிருந்து நானூறுக்குள்ள இருக்கும் மாஸ்டர். போகப் போகத் தெளிவாகும்.”

“போகப் போகத் தெளிவாக இது என்ன கிணத்துத் தண்ணியா? நான் எத்தனை படி அரிசி போட?”

“முதல்ல நூற்றைம்பதுக்குப் போடுங்க. ஃபீட்பேக் பார்த்துட்டு ஏத்திக்கலாம்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தேன். முப்பது வருஷமாகக் கரண்டி பிடித்தும் பின்னூட்டத்தின் அருமை தெரியாத மனிதரிடம் என்ன பேசுவது?

இந்தத் தத்துவத்தின் பேரொளி வெளிநாட்டில் ஏற்கெனவே ஒருமுறை வீசியிருக்கிறது. பில்லி மெக்ஃபார்லண்ட் என்ற அமெரிக்க இளைஞர், பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்ஸூமா தீவில் ஃபயர் பெஸ்டிவல் என்று ஓர் இசைவிழா அறிவித்தார். அழகிகள் கடலில் விளையாடும் விளம்பரப் படம் முதலில் வந்தது, டிக்கெட் விற்பனை அதன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது, விழா மட்டும் பின்னால் வருவதாக இருந்தது. 2017 ஏப்ரல் கடைசியில் ஜனங்கள் போய் இறங்கியபோது சொகுசு வில்லாக்களுக்குப் பதில் பேரிடர் நிவாரணக் கூடாரங்களும், விருந்துக்குப் பதில் டப்பாவில் அடைத்த ரொட்டியும் சீஸும் இருந்தன. குறைந்தபட்சம் எதைக் கொடுத்தால் வாடிக்கையாளர் ஏற்பார் என்று இவ்வளவு துணிச்சலாகச் சோதித்துப் பார்த்தவர் வேறு எவருமில்லை. வாடிக்கையாளர்களும் கருத்தைக் கடற்கரையிலிருந்தே உடனுக்குடன் உலகத்துக்குத் தெரிவித்தார்கள். அவர் அஜைல் படித்தவரா என்பதல்ல விஷயம். பாடம் படிக்காமலே ஞானம் வருகிறவர்கள் உண்டு. நியூயார்க் நீதிமன்றம் 2018 அக்டோபரில் மோசடிக் குற்றத்துக்காக அவருக்கு ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இரண்டு வாரம், மூன்று வாரம் என்று வேலையைத் தவணை பிரித்து, அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்துப் பழகியவர்களுக்கு ஆறு ஆண்டு கொஞ்சம் நீளம்தான்.

போகியன்று இரவு குழு கோயம்பேட்டுக்குக் கிளம்பியது. எந்த முடிவையும் முடிந்தவரை தள்ளிப்போட்டு, இதற்குமேல் தள்ளினால் கெட்டுவிடும் என்ற கட்டத்தில் எடுப்பதுதான் உத்தமம் என்று இந்த மார்க்கத்தில் ஒரு கோட்பாடு இருக்கிறது. சந்தையில் மீந்து கிடந்தது தோகை ஒடிந்த கரும்பு. விலையை வியாபாரி சொன்னார், இவர்கள் கொடுத்தார்கள். வாடிக்கையாளரோடு ஒத்துழைப்பது ஒப்பந்தப் பேரத்தைவிட மேல் என்பதும் அந்தப் பிரகடனத்தில் ஒரு வரி. இங்கே வாடிக்கையாளர் யார் என்பதில் மட்டும் சின்னக் குழப்பம். மஞ்சள் கொத்து தீர்ந்துபோயிருந்தது. அதனால் என்ன? காலையில் பானைக் கழுத்தில் நூறு கிராம் மஞ்சள் தூள் பாக்கெட் ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. ஏற்பு நிபந்தனையில் ‘மஞ்சள்’ என்றுதான் எழுதியிருந்தது, ‘கொத்து’ என்று இல்லை. சீட்டு ‘முடிந்தது’ பத்திக்கு நகர்ந்தது.

சூரியன் ரிலீஸ் தேதியைத் தள்ளிவைக்க ஒப்புக்கொள்ளாததால் விடிந்துவிட்டது. டைல்ஸ் தரை வெடிக்காமல் இருக்க மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, மாஸ்டர் பானையை ஏற்றினார். பால் பொங்கியது, கூவினோம். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் களைந்து போட்டுவிட்டு அவர் கரண்டியோடு நின்ற நேரத்தில் அன்று மட்டும் காலையிலேயே ஸ்டாண்ட்-அப்புக்கு அழைப்பு வந்தது. வரமாட்டேன் என்றவரை, அணியில் எல்லோரும் சமம் என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். “தூங்கினேன்” என்றார்.

இந்தப் பக்கம் வெல்லத்துக்குப் பொறுப்பான தம்பி தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய சீட்டு மூன்று நாளாகச் ‘செய்துகொண்டிருப்பது’ பத்தியிலேயே கிடந்தது. எல்லோருக்கும் முன்னால் அது ஓர் அவமானம். வெல்லப் பாகு காய்ச்சி, கல்லும் மண்ணும் போக வடிகட்டித் தயாராக இருந்தது. அரிசியும் பருப்பும் அரைப் பதம்கூட வரவில்லை. தம்பி பாகை அப்படியே பானையில் கவிழ்த்துவிட்டு ஓடிப்போய்ச் சீட்டை நகர்த்தினார். கைதட்டல் எழுந்தது. அன்றைய முதல் வெற்றி அதுதான்.

மாஸ்டர் திரும்பி வந்து ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார். நசுங்கவில்லை.

“தம்பி, யார் வெல்லத்தைப் போட்டது?”

“நான்தான் மாஸ்டர். ஏன், திரும்ப எடுத்துடலாமா?”

“வெல்லம் விழுந்த அரிசி இனிமே வேகாது. விறகு எரியற வரைக்கும் எரிச்சாலும் நறுக்கு நறுக்குன்னுதான் நிக்கும்.”

மென்பொருளில் தப்பு நடந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். காலையில் பயனாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்த வசதி வெல்லத்துக்கு இல்லாதது வெல்லத்தின் குறை. குழு மனம் தளரவில்லை. ஐந்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது: இந்த ஆண்டு சிறப்பு, க்ரஞ்சி பொங்கல். ஆன்சைட்டுக்கு மிலான் போய் வந்த ஒருவர், அங்கே அரிசியை இப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று சாட்சி சொன்னார். பல் கட்டியிருக்கும் பெரியவர்கள் மட்டும் மௌனமாக இருந்தார்கள். அவர்கள் பயனாளர் பட்டியலில் இல்லை.

பன்னிரண்டரைக்கு வெண்பொங்கலும் வடையும் தீர்ந்தன. பின்னூட்டம் வரிசையில் தட்டோடு நின்றது. ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு குரல் கேட்டது; அரிசி இல்லை, கடை இல்லை, மாஸ்டருக்குப் பேச்சும் இல்லை. ஒரு மணிக்கெல்லாம் எங்கள் கேட்டில் வரிசையாக டெலிவரி பைக்குகள். உழவர் திருநாளை பிரியாணியோடு கொண்டாடும் வாய்ப்பு எத்தனை அடுக்ககங்களுக்குக் கிடைக்கும்? போஸ்ட்மாஸ்டர் வீட்டில் மட்டும் ஏதோ முன்யோசனையில் தனியாகக் குக்கர் வைத்திருந்தார்கள். நானும் என் மனைவியும் அங்கே போய்ச் சாப்பிட்டதைக் குழுவிடம் சொல்லவில்லை. அவர்கள் மனம் புண்படும்.

மாலையில் மீளாய்வுக் கூட்டம் நடந்தது. இதில் யாரையும் குறை சொல்லக் கூடாது, முறையைத்தான் ஆராய வேண்டும் என்பது சம்பிரதாயம்; எனவே யார் மேலும் தப்பு இல்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. திரையில் போட்டுக் காட்டிய வரைபடத்தில் மீதி வேலைக் கோடு அழகாகச் சறுக்கிக்கொண்டு பூஜ்யத்தைத் தொட்டது. முடியாத வேலைகளையெல்லாம் அடுத்த ஸ்பிரிண்டுக்கு மாற்றிவிட்டால் இந்தப் பக்கம் பூஜ்யம்தானே. மைக் அனுமதி, உறியடி, சிறுவர் ஓட்டப்பந்தயம், நாற்காலி வாடகை எல்லாம் இப்போது சித்திரைக் கணக்கில் இருக்கின்றன. வெல்லமும் இருக்கிறது, அடுத்த முறை சரியான நேரத்தில் போட வேண்டும் என்று 2 பாயின்ட் கொடுத்திருக்கிறார்கள். ‘முன்னேற்றம் தேவை’ என்ற பத்தியில் ஒரே ஒரு ரோஜா நிறச் சீட்டு: சமையல் மாஸ்டரின் ஒத்துழைப்பு போதாது.

மாஸ்டர் போன வாரம் வந்திருந்தார். அட்வான்ஸ் போக மீதிப் பணம் இன்னும் கைக்கு வரவில்லையாம். செக்யூரிட்டி அவரை நேரே கிளப் ஹவுஸுக்கு அழைத்துப் போய்க் கண்ணாடிச் சுவரைக் காட்டினார். சீட்டு பத்திரமாக ஒட்டியிருந்தது, ‘பரிசீலனையில்’ என்ற பத்தியில். எவ்வளவு தருவார்கள் என்று தெரிகிறதா பாருங்கள் சார் என்று என்னைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். 13 பாயின்ட் என்று போட்டிருந்தது.