காது பத்திரம், வில்லியாரே!

ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீடியோ கேம் ஆடியவர்களுக்கு ‘மிரர் மேட்ச்’ தெரியும். நீங்களும் ரியூ, எதிராளியும் ரியூ. அதே குத்து, அதே உதை. தோற்றால் “உன் ஆளு ஸ்ட்ராங்கு, என் ஆளு டொக்கு” என்று புலம்ப வழியில்லை. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விட்டபோது கேப்காம் கம்பெனி இந்த வம்பே வேண்டாம் என்றிருந்தது. அடுத்த வருஷம் சாம்பியன் எடிஷனில்தான், டிரெஸ் கலரை மட்டும் மாற்றி ஒரே ஆளை இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள்.

நம்மூரில் சுமார் 600 வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது சார் இது. கலர் வித்தியாசமும் உண்டு: ஒருவருக்கு நாமம், ஒருவருக்குத் திருநீறு.

நாமக்காரர் வில்லிபுத்தூரார். மகாபாரதத்தை 4,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் தமிழாக்கியவர். சந்தம் அவர் வீட்டு நாய்க்குட்டி. திருநீற்றுக்காரர் திருவண்ணாமலை அருணகிரிநாதர். திருப்புகழ்க்காரருக்குச் சந்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, ரியூவும் ரியூவும்.

வில்லியாருக்கு ஒரு ஹாபி. புலவர்களை வாதுக்கு இழுப்பார். தோற்றால் காதை அறுப்பார். கையில் துறட்டி. ஆமாம், முருங்கைக்காய் பறிப்போமே, அதேதான்! தருமன் பந்தயம் கட்டி நாட்டையே தோற்ற கதையை விருத்தம் விருத்தமாகப் பாடியவருக்கு, பந்தயம் ஆகாது என்று மட்டும் உறைக்கவில்லை.

அருணகிரியார் வந்தார். “எனக்கும் ஒரு துறட்டி கொடுங்கள்” என்றாராம். இவர் காதில் அவர் கொக்கி, அவர் காதில் இவர் கொக்கி. அருணகிரியார் கந்தரந்தாதி பாடப்பாட வில்லியார் அர்த்தம் சொல்ல வேண்டும். 53 பாட்டு வரை வில்லியார் வெண்ணெயில் கத்தி.

54-வது பாட்டு முழுக்கத் தகரம். த, தா, தி, தீ... வேறெந்த வரிசைக்கும் நுழைவு இல்லை. ஒரே பட்டனைப் போட்டு அமுக்குகிற பொடியனைப் பார்ப்பதுபோல வில்லியார் பார்த்திருப்பார். பொடியன் அடித்ததோ செம காம்போ! அத்தனைக்கும் அர்த்தம் உண்டு, வில்லியாருக்குத்தான் வரவில்லை. அருணகிரியாரே உரை சொல்லி, துறட்டியைத் தூக்கிப் போட்டு, காதை விட்டுவிட்டார். “கருணைக்கு அருணகிரி” என்ற பேர் அப்படி வந்ததாம்.

கல்வெட்டு எங்கே என்று கேட்காதீர்கள். இது செவிவழிக் கதை. காதைப் பற்றிய கதை வேறெந்த வழியில் வரும்?

அடுத்தவர் காதைக் காப்பாற்றிய புண்ணியவானுக்குச் சொந்த உடம்பே தங்கவில்லை என்பது இன்னொரு கதை. ராஜாவின் கண்ணுக்கு மருந்தாக தேவலோகப் பூ வேண்டுமென்று, உடம்பைக் கோபுரத்தில் பார்க் பண்ணிவிட்டுக் கிளிக்குள் புகுந்து பறந்தாராம். போட்டியாளர் சம்பந்தாண்டான் சும்மா இருப்பாரா? அந்த உடம்பை எரிக்க வைத்துவிட்டார். திரும்பி வந்தவர் கிளியாகவே இருந்துவிட்டார்.

திருவண்ணாமலை போனால் கிளி கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். கிளிக்கு வெளியே காது கிடையாது; துறட்டி மாட்ட இடமே இல்லை.