காசியில் விட்ட கடலை

லோனாவ்லா போனவர் சிக்கி என்கிற கடலை மிட்டாய் இல்லாமல் திரும்பினால், அவர் லோனாவ்லா போனதையே மும்பை முலுண்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

போன ஞாயிறு இரவு முலுண்ட் கிழக்கில் ஒரு ஹவுசிங் சொசைட்டி லிஃப்டில் இது மறுபடி உறுதியானது. மூன்றாவது மாடிக்காரர் பெட்டியைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், பிறகு நேராகவே கேட்டுவிட்டார்: “சிக்கி எங்கே?” பேத்திக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று தாத்தா சொன்னார். “அதனால என்ன? எங்களுக்கு ஒத்துக்குமே!” என்றார் மூன்றாவது மாடி. இதை எழுதுகிறவரும் அந்தத் தாத்தாவும் ஒருவரே. லிஃப்ட் கதவு திறந்துவிட்டதால் சொல்ல முடியாமல் போன பதில்கள் இன்னும் அவர் தொண்டையில் நிற்கின்றன. அவற்றில் பல அச்சில் ஏறத் தக்கவை அல்ல.

பேத்திக்கு வயது எட்டு. வீடு பரம்பரையாகச் சைவம். பால், தயிர், நெய், முந்திரி எல்லாம் அவளுக்குச் சரிப்படும் என்று மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். வேர்க்கடலை மட்டும் ஆகாது. தாவரவியல் கணக்கில் அது கொட்டையே இல்லை. அவரை, துவரை குடும்பத்தைச் சேர்ந்த பருப்பு. அந்தத் துவரையில் வைத்த சாம்பாரை அவள் கிண்ணத்தோடு குடிப்பாள். அதே குடும்பத்துக் கடலை துளி உள்ளே போனால் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைக்கும். மகளின் கைப்பையில் அட்ரினலின் ஊசி எப்போதும் இருக்கிறது. அந்த ஊசியைப் பற்றி வீட்டில் யாரும் தமாஷ் பேசக் கூடாது, தாத்தாவுக்கும் விலக்கில்லை.

இப்படிப்பட்ட குழந்தையை விடுமுறைக்கு எந்த ஊருக்கு அழைத்துப் போவது? மருமகன் யோசித்தார். ஐரோலி பாலத்தில் ஏறினால் நவி மும்பை, அதைத் தாண்டினால் எக்ஸ்பிரஸ்வே, காட் ஏறினால் லோனாவ்லா. பெட்ரோல் கணக்கு, டோல் கணக்கு, லீவுக் கணக்கு எல்லாம் பொருந்தின. அந்த ஊர் எதற்குப் பேர்போனது என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.

லோனாவ்லா கடைத்தெருவில் பத்தடி நடந்தால் ஒரு சிக்கிக் கடை, இன்னும் பத்தடியில் அதற்குப் போட்டிக் கடை. இரண்டுமே தாங்கள்தான் ஆதிக் கடை என்று பலகை மாட்டியிருக்கும். போர் காட் மலையில் ரயில் பாதை போட்ட தொழிலாளிகளுக்கு வெல்லமும் கடலையும் சேர்த்து விற்றதில் தொடங்கிய வியாபாரம் இது என்று ஊரில் சொல்வார்கள். அந்த மலைப்பாதை திறந்தது 1863இல். கதையை நம்பினால், நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலை வறுபட்டுக்கொண்டிருக்கும் ஊருக்கு, கடலை ஆகாத குழந்தையைக் காற்று மாற்றத்துக்காக அழைத்துப் போயிருக்கிறார்கள்.

மேலே போகுமுன் ஒரு வாக்குறுதி. வேர்க்கடலை ஆகாத சைவக் குழந்தையுடன் மும்பையைச் சுற்றி எங்கெங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் இந்தக் கட்டுரையில் வரும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் கட்டுச்சாதம்.

விடுமுறைக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பத்தின் முதல் பையில் என்ன இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தயிர்சாதமும் அடியில், புளியோதரை மேலே. கடலைக்குப் பதில் கடலைப்பருப்பைக் கூட்டிப் போட்டிருந்தார் பாட்டி. இரண்டாவது பையில் குட்டி எலெக்ட்ரிக் குக்கர். அறையில் சமைக்கக் கூடாது என்று விடுதியில் எழுதி ஒட்டியிருந்ததால் குக்கர் குளியல் துண்டுக்குள் பதுங்கியிருந்தது. சாதம் வேகும் வாசனைக்குத்தான் துண்டு போட்டு மூட வழியில்லை. மானேஜர் கதவைத் தட்டினார். பாட்டி கதவைப் பாதி திறந்து, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றார். மானேஜர் மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார். மறுநாள் காலை குக்கர் வரவேற்பு மேசையின் பின்னால் சிறைவைக்கப்பட்டது; அறையைக் காலி செய்யும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ரசீது கொடுத்தார்கள்.

ஆக, மதியம் ஓட்டல்.

மராட்டிய சமையலைக் குறை சொல்வதற்கில்லை. நல்ல சமையல். ஆனால் அதில் வறுத்த கடலைப்பொடி எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட எங்கே இல்லை என்று தேடுவது சுலபம். அவலில் முழுசாகக் கிடக்கும். வெள்ளரிக்காய்க் கோசம்பிரியில் பொடியாகத் தூவியிருக்கும். கத்தரிக்காய்க்குள் மசாலாவாக அடைந்திருக்கும். வடா பாவுக்குள் தடவுகிற சிவப்புப் பூண்டுப் பொடியில் தேங்காயோடு இடிபட்டிருக்கும். மிசலின் மேல் கொட்டும் மிக்ஸரில் ஒளிந்திருக்கும். இதெல்லாம் போகட்டும் என்று தென்னிந்திய இட்லி கேட்டால், தேங்காய் விலை ஏறியதிலிருந்து சட்னியில் எது தேங்காய், எது கடலை என்று அரைத்தவருக்குத்தான் தெரியும். எண்ணெய் இன்னொரு வழக்கு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை. செக்கில் ஆட்டியதில் மிஞ்சும். ‘எங்களிடம் சுத்தமான செக்கு எண்ணெய் மட்டுமே’ என்று எந்த ஓட்டல் பெருமையாகப் பலகை வைக்கிறதோ, அந்த ஓட்டலிலிருந்து பேத்தியை இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

சர்வரிடம் தாத்தா விசாரணையைத் தொடங்கினார்.

“சப்ஜியில வேர்க்கடலை இருக்கா?”

“இல்லை சார்.”

“கடலைப்பொடி?”

“அது இருக்கு சார். அது பொடிதானே.”

“பொடி போடாம செஞ்சு தர முடியுமா?”

“தாராளமா சார். கிரேவியில ஏற்கெனவே அரைச்சிருக்கு, மேல தூவறதை நிறுத்திடறேன்.”

டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார் தாத்தா. சர்வர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். டாக்டர்கள் எல்லோரும் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள் என்பது அந்தத் தலையாட்டலின் சாரம்.

அப்போதுதான் பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. பெரியவர் விரலை உயர்த்தி ஒரே ஒரு சொல் சொன்னார்: “ஜைன்.” அவ்வளவுதான். சர்வரின் முதுகு நிமிர்ந்தது. உள்ளே குரல் போனது. வெங்காயம் நின்றது, பூண்டு நின்றது, உருளைக்கிழங்கு, காரட், முள்ளங்கி எல்லாம் நின்றன. உருளைக்கிழங்கு இல்லாமல் பாவ் பாஜியா? வாழைக்காயைப் போட்டு இறக்கினார்கள். முலுண்டிலும் இதே கதைதான். ஜைன் பீட்சா, ஜைன் சைனீஸ், ஜைன் மிசல் எல்லாம் தெருவோர வண்டியிலேயே கிடைக்கும். விமானத்திலும் ஜைன உணவுக்கென்று வி.ஜே.எம்.எல். என நான்கெழுத்துக் குறியீடு உண்டு. இந்திய ஓட்டல் சமையலறைக்குப் பொருள்களை நீக்கிச் சமைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் உலகத்துக்கே பாடம் நடத்தக்கூடிய சமையலறை அது. ஆனால் அங்கே கட்டளை சாமியிடமிருந்து வர வேண்டும். டாக்டரிடமிருந்து வந்தால் செல்லாது.

தாத்தாவும் ஜைனராகிவிட முடிவு செய்தார். பலிக்கவில்லை. வேர்க்கடலைச் செடி மண்ணுக்கு மேலே பூத்து, காம்பை மண்ணுக்குள் இறக்கி, உருளைக்கிழங்கின் பக்கத்து வீட்டிலேயே காய்க்கிறது. இருந்தும் ஜைனச் சமையலில் உருளைக்கிழங்குக்குத் தடை, கடலைக்கு அனுமதி. ஜைன் சப்ஜி வெங்காயமே இல்லாமல், அந்தக் குறையை ஈடுகட்ட இரட்டிப்புக் கடலைப்பொடியுடன் வருகிறது.

அடுத்து விரதம். “குழந்தைக்கு இன்னிக்கு விரதம்” என்று தாத்தா அடித்துவிட்டார். சர்வரின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. விரதம் என்று முதலிலேயே சொல்லக் கூடாதா? ஏகாதசிக்கென்றே ஸ்பெஷல் இருக்கிறதே! ஐந்தே நிமிஷத்தில் தட்டு வந்தது. ஜவ்வரிசிக் கிச்சடி, மேலும் கீழும் கடலைப்பொடி. குதிரைவாலிச் சோறு, அதற்குக் குழம்பாகக் கடலையையே அரைத்துக் கொதிக்கவைத்த ஆம்டி. இனிப்புக்குக் கடலை உருண்டை. மராட்டிய விரதத்தில் தானியத்துக்கு விடுமுறை. அதன் வேலையை முழுக்கச் செய்வது கடலைதான். மகள் தட்டை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டு, தாத்தாவை ஒரு பார்வை பார்த்தாள்.

கடைசியில் கைகொடுத்தது காசி. “இவ பேர்ல காசியில வேர்க்கடலையை விட்டுட்டோம்” என்றார் தாத்தா. காசிக்குப் போனால் பிடித்தமான காயோ பழமோ ஒன்றை விட்டுவிட்டு வரும் வழக்கம் நம் வீடுகளில் புதிதல்லவே. சர்வர் எதுவும் பேசாமல் உள்ளே போனார். சமையற்காரரே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு ஊர் பனாரஸ் பக்கமாம். குழந்தையைக் கும்பிட்டார். வாணலியைப் புதிதாகத் தேய்த்துக் கழுவச் சொல்லி, புது நெய்யில், தன் கையாலேயே ஜீரக சாதமும் பருப்பும் செய்து கொண்டுவந்தார். கரண்டிகூட வேறு. லண்டன் ஆஸ்பத்திரிச் சமையலறை தோற்றது.

“தாத்தா, நாம இன்னும் காசிக்கே போகலையே” என்றாள் பேத்தி, நல்ல வேளையாகத் தமிழில்.

இனிப் பட்டியலுக்கு வரலாம். ஆனால் அதற்கும் முன்னால் சட்டம் ஒன்று இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, பாக்கெட் உணவில் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா, குளூட்டன் உள்ள தானியம் போன்றவை இருந்தால் அட்டையில் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஓட்டலுக்கும் விதி உண்டு. ஆனால் மத்திய உரிமம் பெற்றவை, அல்லது பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ளவை மட்டுமே அதற்குக் கட்டுப்பட்டவை. காட் ஓரத்தில் ஒரே கூரையின் கீழ் நான்கு தலைமுறையாக நடக்கும் ஓட்டலுக்குக் கிளை எங்கே? பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி, உள்ளே இறைச்சியோ முட்டையோ இல்லை என்று சத்தியம் செய்யும். கடலையைப் பற்றிப் புள்ளிக்குக் கவலையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 2014 டிசம்பரிலிருந்து சின்னச் சாப்பாட்டுக் கடையும் பதினான்கு பொருள்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் உறவினர்கள் இதை வாராவாரம் தொலைபேசியில் நினைவூட்டுகிறார்கள்.

சர்வரை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. பெங்களூரு, மைசூரு பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்து 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 0.14 விழுக்காடுதான், ஹாங்காங்கில் 1.5. ஆயிரத்துக்கு ஒன்றரைப் பிள்ளைகூடத் தேறாத ஊரில், அந்த ஒன்று தன் மேசைக்கு வந்து உட்காரும் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்?

மன்னிக்கவே முடியாதவர்கள் வேறு ஜாதி. “கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தாப் பழகிடும்” என்கிறவர்கள். கல்யாண வீட்டில், ரயிலில், கோயில் பிரசாத வரிசையில், குழந்தையின் தாயைத் தள்ளிவிட்டுக் கையில் திணிப்பவர்கள். இப்போது அவர்களுக்கு விஞ்ஞானமும் கிடைத்துவிட்டது. லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வில், சிறு வயதிலேயே கடலை கொடுத்துப் பழக்கியவர்களிடம் கடலை ஒவ்வாமை எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. உண்மைதான். நாலு மாதத்திலிருந்து பதினோரு மாதம் வரையான குழந்தைகள் அவர்கள். மருத்துவர் கண்முன்னே ஆரம்பித்தது. தோல் சோதனையில் பெரிதாகத் தடித்தவர்களை ஆய்விலேயே சேர்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் இது சுற்றி வரும்போது அந்த வரிகள் எல்லாம் உதிர்ந்து, ‘கடலை கொடு’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கு மஹாலக்ஷ்மி எக்ஸ்பிரஸில் யாரோ ஒரு மாமி நடத்த வேண்டிய சோதனை அல்ல அது. இதைச் சொன்னால் தாத்தாவுக்குக் கோபம் ஜாஸ்தி என்கிறார்கள். ஜாஸ்திதான்.

பட்டியலுக்கு மாதுங்கா இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. 1942இல் தொடங்கிய ராமா நாயக் போர்டிங்கில் இலைச் சாப்பாடு போடுகிறார்கள். கஃபே மெட்ராஸ் அதற்கும் மூத்தது. முலுண்டில் ஸ்லோ லோக்கல் ஏறினால் பேத்தி ஜன்னலோரம் தூங்கி எழுவதற்குள் மாதுங்கா. ஆனால் அதை விடுமுறை என்று ஒப்புக்கொள்ளப் பேத்தி தயாராக இல்லை. அவளுக்கு மலை வேண்டும், கடல் வேண்டும், இப்போது புதிதாகச் சிங்கம் வேண்டும்.

ஆகவே மருமகன் தீபாவளி லீவுக்கு கிர் காட்டில் அறை பதிவு செய்துவிட்டார். ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழும் கடைசி இடம். 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். காடு இருப்பது சௌராஷ்டிரத்தில், ஜூனாகத் பக்கம். நாட்டிலேயே அதிகமாக வேர்க்கடலை விளைகிற மாநிலம் குஜராத்; அந்த விளைச்சலுக்குத் தலைநகரமே சௌராஷ்டிரம்தான். வேர்க்கடலைக்கான தேசிய ஆராய்ச்சி மையத்தை 1979இல் எங்கே வைக்கலாம் என்று டெல்லியில் யோசித்து, ஜூனாகத்தில்தான் வைத்தார்கள். தீபாவளி சமயம் அங்கே அறுவடைக் காலம் வேறு.

சஃபாரி ஜீப்பிலிருந்து இறங்கக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று வனத்துறை விதிகளை மருமகன் வாசித்துக் காட்டினார். பாட்டி காது கொடுக்கவில்லை. துண்டில் சுற்றினால் தலையணை என்று நம்பக்கூடிய அளவில் குக்கர் கிடைக்குமா என்று ஸ்டேஷன் ரோடு பாத்திரக் கடையில் விலை விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.