கால்தான் ஜூம்

கேள்வி: தினமும் கூடவே எடுத்துப்போக ஒரு சின்ன கேமரா வேண்டும். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 வாங்கலாமா, ரிக்கோ ஜிஆர் 3 வாங்கலாமா?

பதில்: கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே தாலி கட்டுவதைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் சோனி. 24லிருந்து 200 மி.மீ. வரை எட்டிப் பார்க்கும். ரிக்கோவில் ஜூமே கிடையாது, 28 மி.மீ.தான், கிட்டே போக உங்கள் கால்தான் ஜூம். ஆனால் அதன் சென்சார், பரப்பளவில் சோனியுடையதைப் போல மூன்று மடங்கு. டீக்கடையின் மங்கிய பல்பு வெளிச்சத்திலும் கிளாஸிலிருந்து எழும் ஆவி தெளிவாகப் பதியும். பேட்டரிதான் சோகம்: ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம். இருந்தாலும் என் ஓட்டு ரிக்கோவுக்கே.

விலையைக் கேட்டுத் தலை சுற்றினால், கையிலிருக்கும் போனின் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். பாதி மங்கலுக்குக் காரணம் தேங்காயெண்ணெய்.