புள்ளிக்குக் கால் ரூபாய்

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967-இலேயே சொல்லிவிட்டது. திருப்போரூரில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் நால்வர் சபை அந்தத் தீர்ப்பின்மேல்தான் நிற்கிறது. புள்ளிக்குக் கால் ரூபாய். ஃபுல் கொடுத்தால் எண்பது புள்ளி, இருபது ரூபாய். அந்த இருபதைக் காப்பாற்ற, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் பதின்மூன்று சீட்டையும் வீட்டுப் பத்திரம்போல் மார்போடு அணைத்துக்கொள்கிறார். ஜெயித்தால் திறமை. தோற்றால், கலைத்தவன் கை சரியில்லை.

2025-இல் மத்திய அரசு பணம் கட்டும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. சரிதானே? முகம் தெரியாதவனிடம் தோற்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் தோற்பதே தேசப்பற்று.

விட்ட காசைத் திரும்பக் கேட்கும் பழக்கம் இந்த ஊரில் எடுபடாது. 2024-இல் கந்தசாமி கோயில் உண்டியலில் தவறி விழுந்த ஐபோனையே முருகன் கணக்கில் எழுதிவிட்டார்கள். என் நாலே முக்கால் ரூபாய் எம்மாத்திரம்?

போன தீபாவளிக்குக் கணக்குப் பார்த்தோம். நால்வருக்கும் நட்டம். வாராவாரம் ஜெயித்தவர், பன்னிரண்டு பஜ்ஜியும் நாலு டீயும் அனுப்பும் முனைக்கடை அக்கா. அவருக்கு ஜோக்கர் எதுவென்றே தெரியாது.