அச்சு அசல் சூளகிரி

மாதிரி ரயில் தளம் அமைக்க சூளகிரியைவிடத் தோதான ஊர் கிடையாது. 87-இல் ஒரு பங்கு அளவில் அத்தனையும் அமையும். 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் புதுக் கார்களை அடுக்கிய லாரி. எதிர்த்திசையில், முழு உரிமையோடு, ஒரு மொபெட். அதன் பின்னால் கொத்தமல்லிக் கட்டு, மேலே ஈரச் சாக்கு. சிப்காட் தொழிற்பேட்டை பஸ் ஜன்னல்களில் தூங்கும் தலைகள். தூசிக்கு நிஜத் தூசியே போதும், செலவில்லை.

உறுத்துவது ரயில் மட்டும்தான்; நிஜ ஊரில் அது கிடையாது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்த குறுகிய பாதையைப் பிறகு மூடிவிட்டார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியே ஓசூருக்குப் பாதை கேட்டால் ஆய்வு வருகிறது, மறுபடி ஆய்வு வருகிறது. எனவே தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, கையில் கோப்புடன் ஓர் அதிகாரி பொம்மையை நிறுத்துங்கள். இன்ஜினை விற்ற காசில் இன்னும் நாலு லாரி வாங்கலாம்.