கண்ணாடி மாத்தினா போதுமா, கண்ணு தொறக்க வேணாமா?

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. மொகம் ஏன் இப்பிடி சுண்டிப் போச்சு? வண்டியில முன்கண்ணாடி வுட்டுப்போச்சா? திருவக்கரைப் பக்கத்துலேர்ந்து ஜல்லி ஏத்திக்கினு வர்ற டிப்பருக்குப் பின்னாடியே ஒட்டிக்கினு போனியாக்கும். ஜல்லிக்கு உன் வண்டி வெல தெரியுமா? அது பாட்டுக்குத் தெறிக்கும்.

போன பொங்கலுக்கு இந்த வண்டியில வந்து எறங்கினப்ப இன்னா பேச்சு பேசின! "தாத்தா, இது தானா ரோட்டப் பாக்கும். தானா பிரேக் புடிக்கும். கோட்டத் தாண்டினா ஸ்டீரிங்க இழுத்து வுடும்"ன. நானும் கேட்டுக்கினுதான் இருந்தன். கோடு எங்கடா இருக்கு, அதச் சொல்லு மொதல்ல. அறுப்பு வந்தா பாகூர் ரோட்டுல பாதி நெல்லு காயுது. மீதி பாதியில ஆடு படுத்துக்கெடக்கு. அன்னிக்கு உன் வண்டி தானா நின்னுச்சின்னு நீ சொல்ற. ஆட்டுக்காரி கத்தின கத்துல நின்னுச்சின்னு நான் சொல்றன்.

கண்ணாடியில மொதல்ல இன்னா, ஒத்த ரூவா காசு அகலத்துக்கு ஒரு பொட்டு. அப்பவே மேல கண்ணாடி டேப்ப ஒட்டி, தூசி தண்ணி போவாம காபந்து பண்ணிக்கினு கடைக்குப் போயிருந்தா, உள்ள பிசின வுட்டு, விளக்கு வெளிச்சத்துல காய வச்சி அனுப்பியிருப்பான். ஓட்டுறவன் பார்வைக்கு நேரா இருந்தாலும், கேமரா பாக்குற எடமா இருந்தாலும் அது செல்லாது, ஒத்துக்கறன். உனுது ஓரத்துலதான இருந்துது? நீ இன்னா பண்ண? அது மேல காமீசர் துணைன்னு ஸ்டிக்கர் ஒட்டின. சாமி என்னடா பண்ணும்? சித்திரை வெயில்ல வண்டிய நாலு மணி நேரம் வேவ வச்சிட்டு, ஏறின ஒடனே ஏசிய முழுசா தொறந்து வுட்ட. கண்ணாடி ஒரு பக்கம் கொதிக்குது, ஒரு பக்கம் நடுங்குது. பொட்டு ஆத்து வாய்க்கா மாதிரி ஓடிப்போச்சு.

ஓடினதே தவிர மேல வுழலையே, அத யோசிச்சியா? அதுக்கு ஒரு கத இருக்குது. பிரான்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற சொல்தா ஒருத்தர் என் சேக்காளி. அவரு சொன்னது. 1903-ல எதுவார் பெனெதிக்துஸ்னு ஒரு பிரான்சுக்காரரு. படமும் வரைவாரு, ரசாயனமும் தெரியும். ஒருநாள் ஒசரத்துலேர்ந்து கண்ணாடிக் குடுவை கீழ வுழுந்துது. நொறுங்குச்சு, ஆனா செதறல. பாத்தா, எப்பவோ உள்ள ஊத்தி வச்ச செல்லுலோஸ் நைட்ரேட்டு காஞ்சி, பால் ஆடை மாதிரி உள்சுவத்துல ஒட்டிக்கினு இருந்துது. 1909-ல அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாரு. இன்னிக்கும் அதே சூட்சுமம்தான், ஆடை மட்டும் மாறிப்போச்சு. ரெண்டு கண்ணாடி, நடுவுல பிளாஸ்டிக் ஆடை. போளிக்கு நடுவுல பூரணம் வச்ச மாதிரி. 1954-ல பிரான்சுக்காரன் நம்ம புதுச்சேரியில ஆட்சிய வுட்டுட்டுப் போனான். ஆனா பிரான்சுல 1665-ல, ராசா காலத்துல ஆரம்பிச்ச செயின்ட் கோபைன் கம்பெனி இன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர்ல உக்காந்து கண்ணாடி வார்க்குது. போனவன் போனானா, இல்ல சுத்திக்கினு பின்வாசல் வழியா வந்தானா?

இப்ப உன் விசயத்துக்கு வரன். டவுன்ல எவனோ ஒருத்தன், "கண்ணாடி மட்டும் மாத்திக்கலாம் சார், கேமராவக் கழட்டி அப்பிடியே மாட்டிடறன், பாதி காசுதான்"னு சொன்னானாம். நீயும் தலையாட்டிட்டு வந்திருக்க. ஆனை வாங்கினவன் தொரட்டிக்கு மல்லுக்கட்டின கதைதான்.

வில்லியனூர்ல சுடுமண் பொம்மை பண்றாங்களே, பாத்திருக்கியா? புவிசார் குறியீடு வாங்கின மண்ணு வேலை. அய்யனார் செலையையே எடுத்துக்கோ. கையி காலு மீசை எல்லாம் இருக்கும். கண்ணு தொறக்கற வரைக்கும் அது வெறும் மண்ணு. அந்தக் கண்ண கண்டவன் கீறிட முடியுமா? ஒரு நூலு தப்பினா அய்யனாரு ஊரப் பாக்காம பக்கத்து ஊட்டு முருங்கை மரத்தப் பாத்துக்கினு நிப்பாரு.

உன் வண்டிக்கும் அதேதான். பின்னாடி பாக்குற சின்னக் கண்ணாடி இருக்கே, அதுக்குப் பின்னால ஒட்டிக்கினு இருக்கற கேமராதான் கண்ணு. அது முன்கண்ணாடி வழியாத்தான் ரோட்டப் பாக்குது. கண்ணாடி மாறினா பார்வையும் கொஞ்சம் நவுரும். கணக்கு போடு, நீதான் படிச்சவனாச்சே. ஒரு டிகிரி தப்பினா 50 மீட்டருக்கு அப்பால எவ்ளோ தள்ளும்? கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டரு. என் கணக்குல ரெண்டு மொழம். நம்ம ஊரு ரோட்டுல ரெண்டு மொழத்துல இன்னா இருக்கு தெரியுமில்ல? ரோடு முடிஞ்சி வாய்க்கா இருக்கு.

வில்லியனூரு தேரோட்டத்துல வடம் புடிக்கறவங்களத்தான எல்லாரும் போட்டோ புடிக்கறாங்க? பிரான்சு கவர்னரு புடிச்ச வடத்த இன்னிக்குக் கவர்னரு புடிக்கறாரு. ஆனா தேரு கோணாம திரும்பறது ஆரால? சக்கரத்துக்கிட்ட குனிஞ்சிக்கினு முட்டுக்கட்ட போடறவனால. அவன் கண்ணு ஒரு சாண் தப்பிச்சின்னு வெச்சிக்கோ, தேரு எவன் திண்ணையில ஏறும்னு தெரியாது. உன் வண்டியிலயும் பிரேக் புடிக்கச் சொல்றது அந்தக் கேமராதான். சிலதுல ரேடாரும் சேந்துக்கும். மாறுகண்ணு வச்சிக்கிட்ட ஆளு முட்டுக்கட்ட போட்டா வேணாத எடத்துல தேரு நிக்கும், வேண்டிய எடத்துல நிக்காது.

அதனால கண்ணு தொறக்கற எடத்துக்குப் போ. காலிபரேஷன்னு சொல்லுவாங்க. சமமான தரையில வண்டிய நிறுத்தி, அளந்த தூரத்துல கட்டம் போட்ட பலகைய வச்சி, கம்ப்யூட்டர சொருவிப் பார்வையச் சரிபண்ணுவாங்க. சில வண்டிக்கு வெள்ளக்கோடு தெளிவா இருக்கற ரோட்டுல ஓட்டியே சரிபண்ணணும், அதுக்கு விழுப்புரம் நாலுவழிச் சாலைக்குப் போயிக்கோ, பாகூருக்கு வராத. போறதுக்கு முன்னாடி டயர் காத்தப் பாரு. டிக்கியில நம்ம வூட்டு அரிசி மூட்டைய வச்சிக்கினே போவப்போறியா? பின்பக்கம் அமுந்தா மூக்கு வானத்தப் பாக்கும். கேமரா கொக்கு எண்ணிக்கினு இருக்கும்.

மழைக்கு வைப்பரு தானா ஆடும்னு பீத்தினியே, அதுவும் அங்கதான் ஒட்டியிருக்கு. கண்ணாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த அனுப்பி, திரும்பி வர்றத அளக்கும். மேல தண்ணி நின்னா வெளிச்சம் வெளிய ஒழுகிடும், வரவு கொறையும், ஆட்டு வைப்பரன்னு சொல்லும். நடுவுல ஒரு ஜெல்லு இருக்கும். மாட்டறப்ப அதுல காத்துக் குமிழி நின்னுச்சின்னா கத்திரி வெயில்ல வைப்பரு ஆடிக்கினு வருவ. எங்கூரு புள்ளைங்க கை தட்டுங்க.

கண்ணாடிய ஒட்டின பசை எறுகற வரைக்கும் அவங்க சொல்ற நேரத்துக்கு வண்டிய அசைக்காத. பசை காயறதுக்குள்ள பொண்டாட்டி ஊருக்குக் கெளம்பணும்னு துடிக்காத.

காசுக்கு இன்சூரன்சு இருக்கான்னு பாரு. மூணாம் பார்ட்டி மட்டும்னா இதுல பைசா பேராது. முழு பாலிசின்னா, கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்க, ரப்பரு பிளாஸ்டிக்குக்குத்தான் பாதிய வெட்டுவாங்க. 1500 சிசி வரைக்கும் ஆயிரம், அதுக்கு மேல ரெண்டாயிரம் உன் கையிலேர்ந்து கட்டாயம் போவும். இது போவ, கிளைம் பண்ணாத வருசத்துக்குத் தர்ற சலுகை இருக்கே, 50 சதவீதம் வரைக்கும் ஏறும். ஒத்த கண்ணாடிக்கு ஆசப்பட்டு அத மொத்தமா வுட்டுடுவ. அத காக்கற ஆட்-ஆன் பாலிசியோட சேத்து எடுத்திருக்கியான்னு பாத்துட்டு, ரெண்டையும் தராசுல வச்சி, அப்புறம் போன் போடு. பழசக் கழட்டிட்டு சொன்னா எவன் வந்து பாப்பான்? பாஸ்டேக்கும் பழைய கண்ணாடியோட போயிடும், புதுசுக்கு சொல்லி வை. இல்லனா டோல்கேட்டுல பின்னாடி வண்டிக்காரன் உன் பரம்பரையே சொல்லிக் கூப்புடுவான்.

இவ்ளோ செலவு வேணாம், எனக்கே கண்ணு இருக்குன்னு சொல்றியா? அதுவும் நாயம்தான். அப்ப அந்தத் தானா பிரேக் புடிக்கற வேலையெல்லாம் அணைச்சிட்டு, டிப்பருக்கு நாலு வண்டி தூரம் தள்ளி ஓட்டு. கோணக் கண்ணோட அத நம்பிக்கினு மட்டும் ஓட்டாத.

ஆங், போறவனே, இன்னொண்ணு. இன்சூரன்சுக்காரன் வேணாம்னு சொன்னா அந்தப் பழைய கண்ணாடியத் தூக்கிக்கினு வந்துடு. கோழிக் கூண்டுக்கு மேல கவுத்துக்கறன். கீறல் இருந்தா இன்னா, செதறாதுல்ல. கேமரா மட்டும் அதுல ஒட்டிக்கினு வரலன்னு பாத்துக்கோ. எங்கூட்டு சேவலுக்கு விடியறது எப்பன்னு அதுக்கே தெரியும்.