ஊருக்குப் பரி, காட்டுக்கு நரி

பாண்டியன் கொட்டிக் கொடுத்த பணத்துக்குக் குதிரைகள் வந்தன. லாயத்தில் கட்டினார்கள். ராத்திரியானதும் அத்தனையும் நரியாகி ஊளையிட்டு, பக்கத்தில் நின்ற அசல் குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. திருவிளையாடலில் இது ஒரே ஒரு ராத்திரிச் சமாச்சாரம். இங்கிலாந்தில் இதே வித்தையை இருபது வருஷத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சொக்கநாதர் கிடையாது, வக்கீல்கள் இருக்கிறார்கள்.

டிசம்பர் 26ஆம் தேதி அந்த நாட்டின் சந்தை ஊர் ஏதாவது ஒன்றில் போய் நின்று பாருங்கள். நரி வேட்டைக் கூட்டம் ஒன்று கூடியிருக்கும். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, முகம் பார்க்கும்படி மின்னும் பூட்ஸ். சேணத்தில் உட்கார்ந்தபடியே தட்டில் வரும் போர்ட் ஒயினை வாங்கிக் குடிக்கிறார்கள். குழந்தைகள் நாய்களைத் தடவிக் கொடுக்கிறார்கள். அந்தச் சிவப்புக் கோட்டை அவர்கள் 'பிங்க்' என்பார்கள். கண்ணுக்குச் சிவப்பு, வாய்க்கு இளஞ்சிவப்பு. இவர்கள் அகராதி முழுக்கவே அப்படித்தான். நாயை நாய் என்றால் கோபம் வந்துவிடும், ஹவுண்ட் என்று சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணவும் கூடாது, ஜோடிக் கணக்கு. முப்பத்தொரு நாய் என்றால் பதினைந்தரை ஜோடி. நரியின் வாலுக்குப் பிரஷ் என்று பெயர், தலைக்கு மாஸ்க். முதல் முறையாக வேட்டைக்கு வந்த பிள்ளையின் கன்னத்தில் செத்த நரியின் ரத்தத்தைப் பூசும் சடங்கு ஒன்றும் உண்டு. அதற்குப் பெயர் பிளடிங். நம் ஊர்க் கோயிலில் கிடா வெட்டுவதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்ட துரைமார்களின் வீட்டுச் சடங்கு அது.

இந்த ஊர்வலம் நாடகத்தின் இரண்டாம் அங்கம். முதல் அங்கத்துக்கு அவர்கள் யாரையும் அழைப்பதில்லை. அது ஆகஸ்டு கடைசியில், அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல்களில், விடிகிற நேரத்தில் தொடங்கிவிடும். நவம்பர் பிறக்கும்வரை நடக்கும். பழைய காலத்தில் அதற்கு 'குட்டி வேட்டை' என்று பெயர். கேட்கும்போதே வயிற்றைப் பிசைந்ததால், பெயரிலிருந்து குட்டியை எடுத்துவிட்டு 'இலையுதிர்கால வேட்டை' என்று ஆக்கிக்கொண்டார்கள். கழுத்தறுப்புக்குக் 'கார்த்திகை விழா' என்று பெயர் வைத்த மாதிரி.

அந்தக் காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு சின்னத் தோப்பு. புல்லில் பனி. தோப்பைச் சுற்றிலும் குதிரைகள், இடைவெளி விட்டு, அசையாமல் நிற்கின்றன. இன்றைக்குச் சிவப்புக் கோட்டு கிடையாது, அது நவம்பருக்கு. இன்றைக்குப் பழுப்பு ட்வீட் கோட்டு. இந்த உடுப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ராட்கேச்சர்', அதாவது எலி பிடிக்கிறவன். அவர்கள் சொன்ன பெயர்களிலேயே ஒன்றாவது பொருத்தமாக அமைந்ததே என்று நாம் சந்தோஷப்படலாம். உள்ளே நாய்களை விட்டாயிற்று. அவற்றில் சில இந்த வருஷத்துப் புதுசு, கொலை இன்னும் பழகாதவை. மார்ச்சு, ஏப்ரலில் பிறந்த நரிக்குட்டி ஒன்று புதர் விளிம்புக்கு வந்து மூக்கை நீட்டுகிறது. குதிரை மேலிருப்பவர் சாட்டைக் காம்பால் பூட்ஸில் தட்டுகிறார். சட். சட். அடுத்தவர் சேணத்தின் தோலில் அடிக்கிறார், ஒரு கனைப்புக் கனைக்கிறார். குட்டி மிரண்டு, வந்த வழியே திரும்பி உள்ளே போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தட்டியவருக்கும் தெரியும், கனைத்தவருக்கும் தெரியும்.

முறத்தால் புலியை விரட்டிய தாயை நமக்குத் தெரியும். ஆறு மாதக் குட்டியை நாய்களின் வாய்க்குள் விரட்டும் வீரத்தை, அதுவும் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு, இங்கேதான் பார்க்கிறோம்.

இதில் இரட்டைப் பாடம் இருக்கிறது. நாய்க்குட்டிகள் கடித்துக் கொல்லப் பழகும். நரிக்குட்டிகளில் பதுங்கிக் கிடப்பவை சாகும். தப்பித்தவை, இனி சத்தம் கேட்டதும் வெளியே பாய்ந்து ஓட வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். அப்படி ஓடினால்தானே நவம்பரில் குதிரைக்கு வேலை, வேலி தாண்டும் இன்பம், மாலையில் பேச்சு? தன்னை வேட்டையாட வருகிறவருக்கு வசதியாக எப்படி ஓடுவது என்று நரிக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். கட்டணம், கூடப் பிறந்த குட்டிகளின் உயிர்.

1999ஆம் ஆண்டின் கடைசியில் பர்ன்ஸ் பிரபு தலைமையில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. பதிவு பெற்ற வேட்டைக் கூட்டங்கள் வருஷத்துக்கு 21,000 முதல் 25,000 நரிகள்வரை கொல்கின்றன, அதில் சுமார் 40 சதவீதம் இந்த இலையுதிர்காலக் கணக்கில் வருகிறது என்று குழு மதிப்பிட்டது. நாய்கள் துரத்திப் பிடித்துக் கொல்வது, நரியின் நலனை வெகுவாகப் பாதிக்கிறது என்றும் எழுதியது. லாரியில் அடிபட்டவரைப் பார்த்து, இவருடைய பயண வசதி கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று சொல்வது போல. பெரிய மனிதர்கள் எழுதும் ஆங்கிலத்துக்கென்று ஒரு குளிர்ச்சி உண்டு.

நரி கோழி தின்னும், ஆட்டுக்குட்டியைத் தூக்கும், ஆகவே விவசாயிக்குச் செய்யும் சேவை இது என்பார்கள். சரி, தின்னும்தான். ஆனால் சேவகர்களின் பழைய கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் நரி போதாமல் ஐரோப்பாவிலிருந்து நரிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். லண்டன் லீடன்ஹால் சந்தையில் காசு கொடுத்து நரி வாங்கலாம். நரி தங்கிக் குட்டி போட வசதியாகச் செயற்கை வளைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். எரிச்சல் தாங்காமல் துப்பாக்கியெடுத்து நரியைச் சுட்ட விவசாயியை ஊர் ஒதுக்கி வைத்தது. நரியைக் கொன்ற குற்றத்துக்கு 'வல்பிசைட்' என்று தனிச் சொல்லே உண்டு. கோழியைப் பறிகொடுத்தவன் வாயை அடைக்க நஷ்ட ஈட்டு நிதி வைத்திருந்தார்கள். திருடனை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வீடு கட்டிக் கொடுத்து, அவன் திருடியதற்குப் பணமும் கட்டிவிட்டு, ஊரைக் காப்பாற்றத் திருடனைத் துரத்துகிறோம் என்றால் நாம் போலீஸைக் கூப்பிடுவோமா, டாக்டரைக் கூப்பிடுவோமா?

எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் வேறு. இங்கிலாந்தில் சேவல் சண்டைக்கும் நாய்ச் சண்டைக்கும் கரடியைக் கட்டிப்போட்டு நாய் விட்டுக் கடிக்க வைப்பதற்கும் 1835இலேயே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். நல்லது. சேவல் சண்டையைத் துரைமார்களும் பார்த்தார்கள்தான். ஆனால் சாராயக்கடைக் கொல்லையில் கூடி நின்றவன் சுரங்கக் கூலி, நெசவாளி. அவனுடைய குரூரத்தைக் கண்டு நாடாளுமன்றத்தின் நெஞ்சு பதறியது. நரி வேட்டைக்கு அதே நெஞ்சு பதற 2004 வரை ஆயிற்று. 169 வருஷம். சேவலுக்கு வலித்தது தெரிந்த காதுக்கு நரிக்கு வலித்தது தெரியவில்லை. நடுவில் குதிரையின் உயரம் இருந்தது.

அந்த 2004 சட்டம்கூடச் சும்மா வந்ததா? இந்த விஷயத்துக்காக நாடாளுமன்றம் 700 மணி நேரம் பேசியது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஈராக் மேல் படையெடுக்கும் இறுதி விவாதம் 2003 மார்ச்சில் ஒரே நாளில் முடிந்துபோனது. வேட்டைக்காரர்களுக்காக 2002 செப்டம்பரில் நான்கு லட்சம் பேர் லண்டனில் ஊர்வலம் போனார்கள். 2004 செப்டம்பரில் ஐந்து பேர் மக்கள் சபைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். பிரபுக்கள் சபை மசோதாவை விடாப்பிடியாக முடக்கியது. கடைசியில், பிரபுக்களின் சம்மதமில்லாமலே சட்டம் நிறைவேற்ற வழி செய்யும் நாடாளுமன்றச் சட்டம் என்ற அபூர்வ ஆயுதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. இதற்கு முன்னால் அந்த ஆயுதத்தை எடுத்தவற்றில் ஒன்று, நாஜிப் போர்க் குற்றவாளிகளை விசாரிக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டம். பிரபுக்கள் எதற்கெல்லாம் மறித்துக்கொண்டு நின்றார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது பிரதமராயிருந்த டோனி பிளேர் 2010இல் நினைவுக் குறிப்புகள் எழுதினார். ஈராக்குப் போர் முடிவுக்காகத் தன்னால் வருந்த முடியாது என்றார். நரி வேட்டைத் தடைக்காகவோ மிகவும் வருந்தினார். ஒரே புத்தகத்தில்.

இங்கேதான் பரி நரியாகும் படலம் தொடங்குகிறது. தடை 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அமலுக்கு வந்தது. ஒரு வேட்டைக் கூட்டமாவது நாய்களை விற்றதா, ஊதுகொம்பைக் கீழே வைத்ததா? சட்டத்தில் சந்து இருந்தது. வேட்டைப் பறவைக்காக நாய்களை விட்டு விலங்கைக் கிளப்பலாம் என்று ஒரு விலக்கு. உடனே சில கூட்டங்கள் கழுகையும் பெரிய ஆந்தையையும் கையில் ஏந்திக்கொண்டு கிளம்பின. எலியை வேட்டையாடத் தடையில்லை. எல்லாவற்றுக்கும் மேலான கண்டுபிடிப்பு 'தடவேட்டை'. ஒரு கந்தல் துணியை நரி மூத்திரத்தில் நனைத்து ஒருவர் முன்னால் இழுத்துக்கொண்டு போவாராம், நாய்கள் அதை மோப்பம் பிடித்து ஓடுமாம், பின்னாலேயே குதிரைகள். எந்த உயிருக்கும் துன்பமில்லை. வேறு ஏதாவது வாசனையை வைக்கக் கூடாதா என்றால், நாய்கள் பழைய வாசனையை மறந்துவிடக் கூடாதாம். எதற்காக மறக்கக் கூடாது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கந்தலும் தற்செயலாக நரி வளை இருக்கும் புதர்ப் பக்கமே போகும். தற்செயலாக அங்கே நரி இருக்கும். தற்செயலாக நாய்கள் அதைக் கிழித்துவிடும். விபத்து, எஜமான்.

2020இல் வேட்டைச் சங்கத்தின் இணையவழிப் பயிற்சிக் கூட்டங்கள் வெளியே கசிந்தன. தடவேட்டை என்ற மறைவில் சட்டத்தை மீறத் தூண்டினார் என்று, அதில் பேசிய ஒருவரை 2021இல் கீழ்க்கோர்ட்டு குற்றவாளியாக்கியது. 2022இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். ஆனால் அதற்கு முன்பே, கூட்டத்தில் பேசியதைக் கேட்டுவிட்டு, தன் நிலத்தில் இதற்கு இனி அனுமதியில்லை என்று நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை கதவைச் சாத்திவிட்டது. ஸ்காட்லாந்து 2023இல் தடவேட்டையையே தடை செய்துவிட்டது. இங்கிலாந்திலும் செய்வோம் என்று லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் வாக்குக் கொடுத்தது.

நமக்கென்ன, எங்கோ நடக்கிறது என்று புரட்டிவிட முடியாதபடி நம் மண்ணிலும் இந்தக் குளம்படி உண்டு. ஊட்டிக்கு வந்த வெள்ளைக்காரர்கள், கப்பலில் ஹவுண்ட் நாய்களை வரவழைத்து, சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, நீலகிரிப் புல்வெளிகளில் துரத்தினார்கள். அவர்கள் ஊர் நரி இங்கே கிடைக்காத குறைக்குக் குள்ளநரி. தோடர்களின் எருமை மேய்ந்த மேடுகள் ஒரு கவர்னர் பெயரால் வென்லாக் டவுன்ஸ் ஆயின. ஊட்டி கிளப் சுவரில் இன்னும் தலைகள் தொங்குகின்றன.

நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பது நம் ஊர் நம்பிக்கை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்துவந்து, கோயில் முன்னால் ஓடவிட்டு, எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனத்துறை வழக்குப் போட்டு அபராதம் வாங்குகிறது. வாங்கட்டும். வாயைக் கட்டி இழுத்துவரப்படும் நரிக்கு அன்றைக்குப் பொங்கல் இல்லை. ஆனால் அந்தக் கிராமத்தான், நான் நரியைப் பிடிக்கவில்லை சார், கந்தல் துணியைத்தான் பிடித்தேன், நரி தற்செயலாக வலையில் விழுந்தது என்று ரேஞ்சர் முன்னால் நின்று சொல்வதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரேஞ்சர் சிரித்து முடிப்பதற்குள் ரசீது கிழிக்கப்பட்டிருக்கும். அதே வாக்கியத்தைக் குதிரை மேலிருந்து சொன்னால், அதைச் சட்ட வாதம் என்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள் என்று போய்வரும் வாசகர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊர் மைதானத்தில் அந்தக் கூட்டத்தைப் பார்க்க நேர்ந்தால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். குதிரைகளைத் தாண்டிப் பின்னால் பாருங்கள். நான்கு சக்கர மோட்டார் பைக்கில் இரண்டு ஆட்கள் இருப்பார்கள். வண்டியின் பெட்டியில், வளைக்குள் இறங்கும் குட்டை டெரியர் நாய்கள், பக்கத்தில் மண்வெட்டி. மரியாதையாகவே கேளுங்கள்: கந்தலைத்தானே துரத்துகிறீர்கள், அதைத் தோண்டியெடுக்க மண்வெட்டி எதற்கு?